ட்ராக்கில் நாலு லேப் ஓடியதும் பிரேக் பிடிக்க மறுப்பது ஏன், முதலில் எதை மாற்றுவது?

கேள்வி இதுதான்: ஸ்போர்ட்ஸ் காரை ட்ராக் டேக்கு (சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் நாள்) கொண்டுபோகிறேன். முதல் மூன்று லேப் பிரேக் அருமையாகப் பிடிக்கிறது. நான்காவது, ஐந்தாவது லேப்பில் பிடிப்பு போய்விடுகிறது. பெரிய டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), பெரிய காலிப்பர் (அந்த டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) உள்ள கிட் மாட்டினால் சரியாகுமா?

கொஞ்சம் பொறுங்கள். கம்பெனியிலிருந்து வந்த அதே காலிப்பர், அதே டிஸ்க்கோடு ட்ராக்கில் நாள் முழுக்க ஓடும் கார்கள் நிறைய உண்டு. அவற்றில் மாற்றியிருப்பது பிரேக் ஆயில், பேட் (காலிப்பருக்குள் இருந்து டிஸ்க்கோடு உராயும் கட்டை), கொஞ்சம் காற்று வழி, அப்புறம் ஓட்டுகிற முறை. அதே வரிசையில்தான் செலவும் போக வேண்டும். பலர் இதைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். பெரிய கிட்டை மாட்டிவிட்டு அதற்குள் சாதாரண ரோட்டு ஆயிலை ஊற்றுகிறார்கள். அடுத்த முறையும் பெடல் தரைக்குப் போகிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பிரேக் செய்யும் வேலை, காரின் வேகத்தை வெப்பமாக மாற்றுவது. 1,500 கிலோ எடையுள்ள கார் சாலையில் 100 கி.மீ. வேகத்திலிருந்து முழுசாக நின்றால் சுமார் 5.8 லட்சம் ஜூல் வெப்பம். அதே கார் ட்ராக்கின் நீண்ட நேர்ப்பாதையில் 200 கி.மீ. வேகத்தில் வந்து திருப்பத்துக்காக 80 கி.மீ.க்கு இறங்கினால் ஏறக்குறைய 19.4 லட்சம் ஜூல். கார் நிற்கக்கூட இல்லை, ஆனால் வெப்பம் மூன்று மடங்குக்கும் மேல். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால் வருகிற வித்தியாசம் இது.

இதில் சுமார் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு முன் டிஸ்க்குக்கும் 6.8 லட்சம் ஜூல். டிஸ்க் 10 கிலோ வார்ப்பிரும்பு என்றால், அந்த ஒரே பிரேக்கிங்கில் அதன் வெப்பநிலை 140 டிகிரி செல்சியஸ் போல ஏறும். காற்றின் எதிர்ப்பும் என்ஜினும் கொஞ்சம் உதவும் என்பதால் நிஜத்தில் சற்றுக் குறையும். ஆனால் ஒரு லேப்பில் இப்படி நான்கைந்து இடங்கள் வரும். இரண்டு பிரேக்கிங்குக்கு நடுவில் காற்று எடுத்துப்போகும் வெப்பம், உள்ளே வரும் வெப்பத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை டிஸ்க் ஏறிக்கொண்டே போகும். வருவதும் போவதும் சமமாகும் இடத்தில்தான் நிற்கும். அந்த இடத்தை எட்டச் சில லேப் ஆகும். முதல் மூன்று லேப் நன்றாக இருந்துவிட்டு அப்புறம் கைவிடுவதற்குக் காரணம் அதுதான். இத்தாலியின் மான்சா ட்ராக் மாதிரி, நீண்ட நேர்ப்பாதை முடிந்ததும் இறுக்கமான திருப்பம் வரும் ட்ராக்குகள் பிரேக்குக்குக் கடினமாக இருப்பதும் இதனால்தான்.

அடுத்தது, உங்கள் காரில் கைவிடுவது எது என்று கண்டுபிடிப்பது. இதைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். உங்கள் கால் சொல்லிவிடும்.

பெடல் மேலேயே, கெட்டியாக நிற்கிறது, பலம்கொண்டு மிதித்தும் கார் வேகம் குறையவில்லை என்றால் கோளாறு பேடில். பேடுக்குள் இருக்கும் பொருட்களைப் பிணைத்து வைத்திருக்கும் பிசின், அளவுக்கு மீறிச் சூடானால் சிதையத் தொடங்கும், வாயு கக்கும், உராய்வு விழுந்துவிடும். ஆறினால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பி வரும். ஆனால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருந்தால் அந்தப் பேடை நம்ப முடியாது.

பெடல் மெத்தென்று ஆகி, ஒவ்வொரு லேப்பிலும் இன்னும் கொஞ்சம் ஆழம் போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. திரவத்தை அமுக்க முடியாது, ஆனால் ஆவியை அமுக்கலாம். காலிப்பருக்குள் ஆவிக் குமிழி உண்டானதும் நீங்கள் மிதிக்கும் விசை குமிழியை நசுக்குவதில் போய்விடும், பேடைப் போய்ச் சேராது. வண்டி ஆறிய பிறகும் பெடல் பழைய இறுக்கத்துக்கு வராமல் இருப்பது இதன் இன்னொரு அடையாளம். ஒரு முறை கொதித்த ஆயிலை வெளியேற்றிப் புதிது ஊற்றாமல் மறுபடி ட்ராக்கில் இறங்கக் கூடாது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பலர் அதையும் ஃபேட் (சூட்டால் பிரேக் பிடிப்பு போவது) என்றே நினைத்துவிடுகிறார்கள். வேகமான திருப்பத்திலோ, ஓரத்து மேட்டில் சக்கரம் ஏறி இறங்கும்போதோ, சக்கரமும் டிஸ்க்கும் மாட்டியிருக்கும் ஹப் சற்று வளையும். வீல் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் இன்னும் மோசம். அப்போது டிஸ்க் சாய்ந்து, காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன்களைப் பின்னால் தள்ளிவிடும். அடுத்த பிரேக்கில் பெடல் திடீரென்று ஆழம் போகும், இரண்டாவது மிதியில் சரியாகிவிடும். வெப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, முதல் லேப்பிலேயே வரலாம். பேரிங்கைப் பாருங்கள். நேர்ப்பாதையில் பிரேக் புள்ளிக்கு முன்பே இடது காலால் பெடலை லேசாக ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கும் பழக்கம் இதற்கு நல்லது. பெடல் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது திருப்பத்துக்கு முன்பே தெரிந்துவிடும். ஃபேட் தொடங்குவதையும் இதே தட்டு காட்டிக்கொடுக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடல் தரைக்குப் போனால், விட்டு விட்டு வேகமாகப் பம்ப் செய்யுங்கள்; ஆவி நசுங்கிக் கொஞ்சம் அழுத்தம் கிடைக்கும். கியரைக் குறைத்து என்ஜினையும் இழுக்க விடுங்கள். திருப்பத்தை எடுக்க முடியாத வேகம் என்றால் ஸ்டியரிங்கை முரட்டுத்தனமாகத் திருப்பாமல், நேராக வெளியோட்டப் பகுதிக்குப் போவது பெரும்பாலும் பாதுகாப்பானது. அப்புறம் இன்னொரு லேப் பார்ப்போம் என்ற எண்ணமே வேண்டாம். மெதுவாகப் பிட்டுக்கு (ட்ராக் ஓரத்தில் கார்களை நிறுத்தும் இடம்) வந்துவிடுங்கள்.

சரி, இப்போது ஆயில். இதற்குத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக அழுத்தம் கொடுப்பேன். பேட் கைவிட்டால் கொஞ்சமாவது பிடிப்பு மிச்சம் இருக்கும். ஆயில் கொதித்தால் சில சமயம் எதுவுமே இருக்காது. மாற்றும் செலவோ எல்லாவற்றிலும் குறைவு.

சாதாரண பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் பிரேக் ஆயில் டேங்க் மூடி வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும், கொதிநிலை இறங்கும். அதனால்தான் தர விதிகள் இரண்டு எண்களைச் சொல்கின்றன: புது ஆயிலின் கொதிநிலை ஒன்று, 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய பிறகு உள்ள கொதிநிலை இன்னொன்று. டாட் என்பது அந்தத் தர வகைகளின் பெயர். டாட் 3 வகைக்குக் குறைந்தபட்சம் 205, ஈரம் ஏறினால் 140 டிகிரி. டாட் 4 வகைக்கு 230, 155. டாட் 5.1 வகைக்கு 260, 180. ட்ராக்குக்கென்று செய்த ஆயில்கள் இந்தக் குறைந்தபட்சத்தைத் தாண்டி வெகு தூரம் போகும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதாக 312 டிகிரி, ஈரத்தோடு 205 டிகிரி தாங்கும். கேஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் புதிதாக 320, ஈரத்தோடும் 270.

இந்த எண்களிலேயே தேர்வு இருக்கிறது. ஒவ்வொரு ட்ராக் டேக்கு முன்பும் புது ஆயிலை ஓட்டிக் காலிப்பரை பிளீட் செய்பவர் (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுபவர்) என்றால் 300 டிகிரியைத் தாண்டும் எந்த நல்ல ஆயிலும் போதும், விலை அதிகமானதைத் தேட வேண்டியதில்லை. சீசனுக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும் என்பவர் ஈரக் கொதிநிலையைப் பார்த்து வாங்க வேண்டும். பாட்டிலில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண் புது ஆயிலுக்கானது. ஆறு மாதம் கழித்து உங்கள் காலிப்பருக்குள் இருக்கப்போவது வேறு ஆயில்.

பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் டாட் 5.1க்குப் பதில் டாட் 5 வாங்கிவிடாதீர்கள். டாட் 5 சிலிக்கோன் ஆயில், மற்றவற்றோடு கலக்காது. ஏபிஎஸ் உள்ள கார்களுக்கு ஒத்துவராது, பெடலும் மெத்தென்றிருக்கும். திறந்து வைத்த பாட்டிலில் மிச்சம் இருப்பதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வதும் வேண்டாம், அதுவும் ஈரத்தைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பிரேக் ஆயில் என்ஜின் ஆயில் மாதிரி சுற்றி வருவதில்லை. பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கொஞ்ச ஆயில் செஷன் முழுக்க அதே இடத்தில் வெந்துகொண்டிருக்கும். மேலே டேங்கில் ஆயில் தெளிவாகத் தெரிகிறது என்பதை வைத்துக் கீழே நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. ஒரு நாள் கடுமையாக ஓட்டிய பிறகு ஒவ்வொரு காலிப்பரிலிருந்தும் கொஞ்சம் வெளியேற்றிப் பார்த்தால் குமிழியும் கருத்த நிறமும் வருவது இதனால்தான். பிளீட் செய்யும்போது டேங்க் காலியாகிக் காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போய்விட்டால், பல கார்களில் ஸ்கேன் டூலால் அதன் பம்பை ஓட்டினால்தான் அந்தக் காற்று வெளியே வரும். எனவே டேங்கில் ஒரு கண் இருக்கட்டும்.

பேடுக்கு வருவோம். ரோட்டுப் பேட் குளிரிலும் மழையிலும் முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும், சத்தம் போடக் கூடாது, டிஸ்க்கைத் தின்னக் கூடாது. இதற்கெல்லாம் கொடுக்கும் விலை, அதிக வெப்பத்தில் வரும் பலவீனம். ட்ராக் பேட் 600 டிகிரிக்கு மேலும் பிடிப்பை விடாது, ஆனால் குளிர்ந்திருக்கும்போது மந்தமாக இருக்கும், கிறீச்சிடும், அதன் தூசு வீல் பெயிண்டில் ஒட்டி அரிக்கும். இரண்டுக்கும் நடுவே ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒன்றே என்று விற்கப்படுபவை இருக்கின்றன. ஆரம்பத்தில் மெதுவாக ஓட்டுபவருக்கு அவை போதும். வேகம் கூடியதும் போதாமல் போகும், அப்போது தயங்காமல் முழு ட்ராக் பேடுக்கு மாறிவிடுவது மேல். முந்தின நாள் பேடை மாற்றிவிட்டு, முடிந்ததும் ரோட்டுப் பேடைத் திரும்பப் போடுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ட்ராக் பேடோடு சாலையில் போனால் முதல் சில பிரேக்கிங்கில் தூரம் அதிகம் விட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

முன்னால் மட்டும் உராய்வு அதிகமுள்ள பேடைப் போட்டுப் பின்னால் பழையதை விட்டால், முன் சக்கரங்கள் இன்னும் அதிக வேலையை இழுத்துக்கொள்ளும், முன் டிஸ்க் இன்னும் சூடாகும். நான்கையும் பொருத்தமாக மாற்றுங்கள். பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் ட்ராக்குக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள். பேடின் தடிமன்தான் டிஸ்க்கின் சூட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கும் மறைப்பு. மெல்லிய பேட் இன்னும் நன்றாகவே பிடிக்கலாம், ஆனால் ஆயிலைக் கொதிக்க வைத்துவிடும். டைட்டானியம் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால், பேடுக்குப் பின்னால் வைக்கும் டைட்டானியம் தகடும் இதே வேலையைக் கொஞ்சம் செய்யும்.

புதுப் பேடை நேராக வேகமான லேப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் முறை நன்றாகச் சூடாகும்போது பிசினிலிருந்து வாயு வரும், ஒரு நல்ல பேட்கூட அந்த நேரத்தில் வழுக்கும். பேட் செய்த கம்பெனி சொல்லும் முறைப்படி பதப்படுத்துங்கள். பொதுவாக, நல்ல வேகத்திலிருந்து முழுசாக நிற்காமல் பல முறை படிப்படியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பின் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுவது. இதில் பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய, சீரான படலமாகப் படியும். ட்ராக் பேட் அந்தப் படலத்தோடு உராய்ந்துதான் பிடிக்கிறது. பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது, டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் இந்தப் படலம் திட்டுத்திட்டாகப் படிந்ததன் விளைவு.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. உள்ளே துடுப்புகள் உள்ள டிஸ்க் ஒரு பம்ப். நடுவிலிருந்து காற்றை உறிஞ்சி விளிம்பு வழியே வெளியே தள்ளும். பம்பரிலிருந்து குழாய் இழுத்தால் அதன் வாய் டிஸ்க்கின் நடுப்பகுதிக்கு, ஹப்பை ஒட்டிப் போக வேண்டும். டிஸ்க்கின் உள்முகத்தில் மட்டும் காற்றை அடித்தால் ஒரு பக்கம் ஆறி மறுபக்கம் சூடாகவே இருக்கும். டிஸ்க் கூம்பு மாதிரி வளையும், விரிசல் விடும். டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகரத் தடுப்பைக் கழற்றி எறிந்தால் காற்று வரும் என்பது உண்மைதான், ஆனால் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் மூட்டுகளான பால் ஜாயின்ட், டை ராடு இவற்றின் ரப்பரை டிஸ்க்கின் சூட்டிலிருந்து காப்பதும் அதே தகரம். குழாய் பொருத்துகிற இடத்தில் மட்டும் வெட்டிக்கொள்வதுதான் எனக்குப் பிடித்த வழி.

ஓட்டும் முறைக்குச் செலவே இல்லை. புதிதாக வருபவர்கள் சீக்கிரமே பிரேக்கைத் தொட்டு, லேசாக, நீளமாக இழுத்துக்கொண்டே வருவார்கள். திருப்பத்துக்குத் தேவையானதைவிட அதிகமாக வேகத்தைக் குறைப்பார்கள். தேவையில்லாமல் குறைத்த ஒவ்வொரு கிலோமீட்டர் வேகமும் டிஸ்க்கில் வெப்பமாகச் சேரும். இழுத்துக்கொண்டே வருவதால் டிஸ்க் ஆற வேண்டிய நேரமும் போய்விடும், பேடும் காலிப்பரும் டிஸ்க்கை ஒட்டியே நீண்ட நேரம் வேகும். நேராக இருக்கும்போது உறுதியாக, குறுகிய நேரம் அழுத்தி, திருப்பத்துக்குள் நுழையும்போது படிப்படியாக விடுங்கள். முன்னால் போகும் காரின் பின்பக்கத்தை ஒட்டியே பல லேப் ஓட்டினால் உங்களுக்கு வருவது அதன் சூடான, கலங்கிய காற்றுதான். கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் பலர் கவனிக்காத ஒன்று. திருப்பத்தில் கார் சறுக்கப் பார்த்தால் அது தானாகவே ஏதாவதொரு சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும். உள்பக்கச் சக்கரத்தை லேசாகப் பிடித்துக் காரைத் திருப்ப உதவும் அமைப்புகளும் அப்படியே. நீங்கள் பெடலைத் தொடாத நேரத்திலும் பின் பேட் வெந்துகொண்டிருக்கும். முன்னைவிடப் பின் பேட் வேகமாகத் தேய்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். காரில் ட்ராக் மோடு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முழுசாக அணைப்பது, அது இல்லாமல் ஓட்டத் தெரிந்தவருக்கு மட்டும்.

ஒரே மூச்சில் செஷன் முழுக்க ஓட்டாமல், மூன்று நான்கு வேகமான லேப்புக்கு ஒரு லேப் நிதானமாகப் போனால் டிஸ்க் வியக்கத்தக்க அளவுக்கு ஆறும். கடைசி லேப் கட்டாயம் ஆறவிடுகிற லேப்பாக இருக்கட்டும், பிரேக்கை முடிந்தவரை தொடாமல். பிட்டுக்கு வந்ததும் பெடலை அழுத்திக்கொண்டு நிற்காதீர்கள், ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடான டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் ஒட்டி நின்றால் அங்கே தழும்பு விழும். மேலும், கார் நின்றதும் காற்று நின்றுவிடும், டிஸ்க்கின் சூடு முழுக்கக் காலிப்பருக்குள் ஏறும். ட்ராக்கில் கொதிக்காத ஆயில் பார்க்கிங்கில் கொதிப்பது உண்டு. அடுத்த செஷனுக்குக் கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே பெடலை மிதித்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தாகிவிட்டது, இன்னும் ஃபேட் வருகிறது என்றால் அளந்து பாருங்கள். டிஸ்க் விளிம்பில் பூசும் வெப்ப பெயிண்ட் இருக்கிறது. மூன்று நிறங்களாக வரும் வழக்கமான செட்டில் பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் மாறும். காலிப்பரில் ஒட்டும் வெப்ப ஸ்டிக்கரும் உண்டு. பிட்டில் நின்ற பிறகு கையடக்க லேசர் தெர்மாமீட்டரால் பார்ப்பது அவ்வளவு பயன்படாது, அதற்குள் டிஸ்க் ஆறத் தொடங்கியிருக்கும். பெயிண்ட் காட்டும் எண்ணை உங்கள் பேடின் எல்லையோடு ஒப்பிடுங்கள். நல்ல ட்ராக் பேடின் எல்லையையே டிஸ்க் தாண்டுகிறது, காற்று வழியும் போட்டாகிவிட்டது என்றால், அப்போதுதான் பெரிய டிஸ்க்குக்கு நியாயம் வருகிறது. கனமான, சக்தி வாய்ந்த கார்களில் அது நிஜமாகவே தேவைப்படும்.

அப்படி வாங்கும்போது காலிப்பரின் பிஸ்டன் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். வெப்பத்தைத் தாங்குவது டிஸ்க்கின் எடையும் அதன் உள் துடுப்புகளும். அலுமினிய நடுப்பகுதியோடு இரண்டு துண்டாகச் செய்த டிஸ்க் தாராளமாக விரிய முடியும், ஹப்புக்கும் குறைவாகச் சூட்டைக் கடத்தும். துளை போட்ட டிஸ்க்கில் துளைகளிலிருந்து விரிசல் கிளம்பும். ட்ராக்குக்குக் கோடு வெட்டியதோ வெறும் டிஸ்க்கோ நல்லது. மயிரிழை விரிசல்கள் மேற்பரப்பில் வருவது சகஜம், ஆனால் ஒன்று விளிம்பைத் தொட்டுவிட்டால் அந்த டிஸ்க்கின் ஆயுள் முடிந்தது. பின்னல் கம்பி ஹோஸ் பெடலைத் துல்லியமாக்கும், ஃபேடைத் தடுக்காது. புதுக் காலிப்பரின் மொத்தப் பிஸ்டன் பரப்பு பழையதைவிட மிகப் பெரிதாக இருந்தால் அதே மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தும் பகுதி) பெடல் நீளும், முன்பின் சமநிலையும் மாறும். உங்கள் கார் மாடலுக்கென்றே கணக்கிட்டுச் செய்த கிட்டாக இருக்க வேண்டும். பிஸ்டன் பரப்பு என்ன என்று விற்பவரிடம் கேளுங்கள். எண்ணைச் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள்.